கொடுத்த வாக்கும் திறந்த கதவும்



வீட்டில் நெருப்பு வைத்திருப்பவனுக்குக் கடமைகள் மூன்று. அடுப்புப் பொறி பறந்து கூரை பற்றாதபடி கவனிப்பது ஒன்று. திருடன் அதில் கொள்ளிக்கட்டை எடுத்துப் போகாதபடி காப்பது இரண்டு. அதைக்கொண்டு அயலான் வீட்டைக் கொளுத்தமாட்டேன் என்று வாக்களித்து, அவ்வாக்கில் நிற்பது மூன்று. அணுசக்தியைக் கையாளும் நாடுகளுக்கும் கடமைகள் இம்மூன்றே.

முதலாவது, விபத்துத் தடுப்பு. 1986-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி சோவியத் யூனியனில் செர்னோபிள் அணு உலை வெடித்தது. அதன் கதிரியக்கத் தூசி காற்றோடு ஸ்வீடன் வரை சென்றது. ஒரு நாட்டின் கவனக்குறைவு பல நாடுகளின் துன்பம் என்பதை உலகம் கண்டது. ஆகவே 1994-ல் அணுப் பாதுகாப்பு உடன்படிக்கை செய்யப்பட்டது. அதில் சேர்ந்த நாடுகள் தங்கள் மின் உலைகளின் நிலையை எழுதி, மற்ற நாடுகளின் பரிசீலனைக்கு வைக்க வேண்டும்.

இரண்டாவது, திருட்டுத் தடுப்பு. அணுப்பொருளைக் காப்பதற்கான உடன்படிக்கை 1980-ல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. அது முக்கியமாக நாடு விட்டு நாடு செல்லும் சரக்கைப் பற்றியது. 2016-ல் அமலுக்கு வந்த திருத்தம், உள்நாட்டு நிலையங்களையும் காக்கும்படி கட்டளையிடுகிறது.

மூன்றாவது, ஆயுதப் பரவல் தடை. இவ்வொப்பந்தம் 1970-ல் அமலுக்கு வந்தது. குண்டில்லாத நாடுகள் அதைச் செய்வதில்லை என்று வாக்களிக்கின்றன. குண்டுள்ள ஐந்து நாடுகளோ ஆயுதங்களை ஒழிக்க நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தக் கடமைப்பட்டவை. படையெதுவும் நடத்தாத பரிசுத்த பீடமும் 1971-ல் இதில் சேர்ந்தது. இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் சேரவில்லை.

“வாக்குக் கொடுப்பது எளிது, அதை நம்புவது எப்படி?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்குத் தென்னாப்பிரிக்காவின் வரலாறு விடை சொல்கிறது.

நிறவெறி ஆட்சி நடந்த நாளில் அந்நாடு இரகசியமாக ஆறு அணுகுண்டுகளைச் செய்து முடித்து, ஏழாவதையும் தொடங்கியிருந்தது. 1989-ல் ஜனாதிபதியான டி கிளர்க், அவற்றைப் பிரித்து அழிக்க முடிவு செய்தார். இது முற்றிலும் மனமாற்றத்தால் வந்தது என்று எண்ண வேண்டாம். அங்கோலாவில் போர் தணிந்தது. உலக நாடுகளிடையே ஒதுக்கப்பட்டிருந்த நிலையும் உறுத்தியது. எனினும் செயல் நற்செயலே. 1991 ஜூலையில் அந்நாடு பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது.

ஆனால் குண்டு செய்ததை அப்போது அது வெளியிடவில்லை. சந்தேகம் வளர்ந்தது. 1993 மார்ச் 24-ந் தேதி டி கிளர்க் பாராளுமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். சர்வதேச அணுசக்தி ஸ்தாபனத்தின் ஆய்வாளர்களுக்குக் கதவு திறக்கப்பட்டது. குண்டின் வரைபடங்கள் முன்னரே அழிக்கப்பட்டிருந்தன. ஆதலால் அவர்கள் யுரேனியம் செறிவூட்டிய ஆலையின் பழைய கணக்கேடுகளைப் புரட்டி, உற்பத்தியானது எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒத்துப் பார்த்தார்கள். கலகாரிப் பாலைவனத்தில் சோதனைக்குத் தோண்டிய ஆழ்குழிகள் அவர்கள் முன்னிலையில் மூடப்பட்டன. அதன் பின்பே உலகம் நம்பியது.

அத்துடன் கடமை தீர்ந்ததா? இல்லை. அந்த யுரேனியத்தைக் காவல் காக்கும் வேலை எஞ்சி நின்றது. 2007 நவம்பரில் பெலிண்டாபா அணு நிலையத்துக்குள் ஆயுதந் தாங்கிய கும்பல் புகுந்து, ஓர் ஊழியரைச் சுட்டுக் காயப்படுத்தியது. அணுப்பொருள் களவு போகவில்லை. ஆயினும் வேலி தாண்டப்பட்டது. குண்டை ஒழித்த நாடும் கண்ணயரலாகாது என்பதை அவ்விரவு காட்டிற்று.

இதிலிருந்து நாம் கற்பது யாதெனில்: வாக்கை நம்பத்தக்கதாக்குவது, பிறர் வந்து பார்க்கும்படி திறந்து வைக்கும் கதவே. ஆகவே, ஒரு நாடு தன் அணுசக்தி சமாதானத்துக்கே என்று சொல்லும் செய்தியைப் பத்திரிகையில் படிக்கும்போது, நண்பரே, மூன்று கேள்விகள் கேளுங்கள். உலையைப் பிறர் பரிசீலிக்க விடுகிறதா? பொருளுக்குத் தக்க காவல் உண்டா? கணக்கேட்டை ஆய்வாளர் கையில் கொடுக்கிறதா? சொந்த நாடானாலும் அயல்நாடானாலும் கேள்வி ஒன்றே.