ஆனைமலை அடிவாரத்துல பூனைக்கொரு காலம்

மேலூர் ரோட்ல வர்ற யாரும் யானைமலையைப் பார்க்காம ஒத்தக்கடையைத் தாண்ட முடியாது. ஆனா அந்த மலை அடிவாரத்துல, மீன்கடை ஓரத்துலயும் புரோட்டா கடைக்குப் பின்னாடியும் ஹாஸ்டல் மெஸ் குப்பைத்தொட்டி பக்கத்துலயும் நிக்கிற பூனைகள் மொத்தம் எத்தனை? இதுவரைக்கும் எண்ணியிருக்கீங்களா?

"ஆனைக்கொரு காலம் வந்தா பூனைக்கொரு காலம் வரும்"னு நம்ம ஊர்ல சொல்லுவாங்க. இந்தக் கட்டுரையில அந்தப் பூனைக் காலத்தைப் பத்திதான் பேசப் போறோம். இரக்கப்படுறதோட நிறுத்தாம, பேப்பர், பேனா, ஒரு கூண்டு, ஒரு கால்நடை மருத்துவர், இதை வச்சு ஒரு பூனைக் கூட்டத்தை எப்படிக் கட்டுக்குள்ள கொண்டு வரலாம்னு பார்ப்போம்.

முதல்ல, இது யார்?

மூணு வகையைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும்.

ஒண்ணு, வீட்ல வளர்ந்து கைவிடப்பட்ட பூனை. பயந்து ஒதுங்கும். ஆனா ரெண்டு நாள் சோறு வச்சா காலை உரசும். இதுக்குத் தேவை ஒரு வீடு.

ரெண்டு, தெருவுலயே பிறந்து மனுஷன் கை படாம வளர்ந்த பூனை. எத்தனை மாசம் சோறு போட்டாலும் பத்தடி தள்ளிதான் நிக்கும். பெருசானப்புறம் இதை வீட்டுப் பூனையா மாத்த நினைக்கிறது, பெரும்பாலும் அதுக்கு நாம பண்ற கொடுமை. இந்தக் கட்டுரை முக்கியமா இந்தப் பூனைகளைப் பத்தி.

மூணு, நிஜமான காட்டுப்பூனை. இது வேற இனம். கால் நீளம், வால் குட்டை, வால் நுனியில கறுப்பு வளையம், காது நுனியில சின்னக் குஞ்சம், உடம்புல பெருசா கோடு இருக்காது. வயலும் கண்மாயும் இருக்கிற நம்ம பக்கத்துல இது வர வாய்ப்பு உண்டு. 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதுகாக்குது. உங்க கூண்டுல தப்பித் தவறி காட்டுப்பூனையோ, மரநாயோ, கீரியோ மாட்டினா அந்த இடத்துலயே உடனே திறந்து விட்டுடுங்க.

கணக்கு போடுவோம்

பெட்டைப் பூனை நாலு முதல் ஆறு மாசத்துல பருவத்துக்கு வந்துடும். சினைக்காலம் சுமார் 63 நாள். இணை சேர்ந்தாத்தான் அதுக்குக் கருமுட்டையே வெளியாகும். அதனால சேர்க்கை வீணாப் போறது குறைவு. பால் கொடுத்துக்கிட்டு இருக்கும்போதே மறுபடி சினையாகவும் முடியும்.

அமெரிக்காவுல வட கரோலினா மாநிலத்துல தெருப்பூனைகளைக் கவனிச்சு 2004-ல ஒரு ஆய்வு வந்தது. ஒரு பெட்டை வருஷத்துக்குச் சராசரியா 1.4 தடவை குட்டி போட்டது. ஒரு ஈத்துக்கு 3 குட்டி. அந்த ஆய்வுல இருந்த 169 குட்டிகள்ல 127 ஆறு மாசத்துக்குள்ள செத்துப் போச்சு இல்ல காணாமப் போச்சு. அதாவது 75 சதவீதம்.

இப்ப பெருக்குங்க. 1.4 × 3 = 4.2. அதுல கால்வாசி பிழைச்சா சுமார் 1. மிச்சம் சுமார் 3 போயிடும்.

ஒரு பெட்டை = வருஷத்துக்கு ஒரு புதுப் பூனை + மூணு குட்டிச் சாவு.

இந்த ஒரு வரியை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. மெஸ் பின்னாடி 12 பூனை, அதுல 6 பெட்டைன்னு வைங்க. ஒரு வருஷத்துல 25 குட்டி பிறக்கும், 19 போகும், 6 நிக்கும். பார்க்கிறவங்க கண்ணுக்கு "பூனை கொஞ்சம் கூடியிருக்கு", அவ்வளவுதான். அந்த 19 யார் கண்ணுலயும் படாது.

அது குளிர் நாட்டுக் கணக்குங்கிறதையும் மறக்காதீங்க. பகல் நீளமாகும்போதுதான் பூனை பருவத்துக்கு வரும். வட கரோலினாவுல கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம் வித்தியாசம். மதுரையில அது ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. அதனால நம்ம ஊர்ல குட்டி போடுறதுக்குப் பெருசா லீவே கிடையாது.

எல்லாரும் சொல்ற மூணு தீர்வு

"சாக்குல போட்டு வேற எங்கயாவது விட்டுடலாம்." சோறும் ஒதுங்க இடமும் இருக்கிற வரைக்கும் அந்தக் காலி இடத்துக்கு அடுத்த பூனை வரும். கொண்டுபோய் விட்ட பூனை ஒண்ணு திரும்பி வரப் பார்க்கும், இல்ல ரோட்ல அடிபடும். அதுலயும் யானைமலைப் பக்கமோ அரிட்டாபட்டிப் பக்கமோ விடவே கூடாது. அரிட்டாபட்டி 2022-ல பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிக்கப்பட்ட இடம். பூனை நல்ல வேட்டைக்காரன். பறவையும் ஓணானும் அதுக்கு இரை.

"சோறு போடுறதை நிறுத்தினா போயிடும்." போகாது. குப்பைத்தொட்டியைக் கிளறும், மெலியும், நோய் பிடிக்கும், ஆனா குட்டியும் போடும்.

"விஷம் வச்சுடலாம்." 1960-ம் வருஷ மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவுல அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை. அந்த விஷத்தை யார் வீட்டு நாயும் கோழியும் தின்னும்னு சொல்லவும் முடியாது.

மிச்சம் இருக்கிறது நாலாவது வழி: பிடிச்சு, கருத்தடை பண்ணி, பிடிச்ச இடத்துலயே திரும்ப விடுறது. நாய்கள் விஷயத்துல இது நமக்குப் பழக்கமானதுதான். 1959-ல ஆரம்பிச்ச சென்னை புளூ கிராஸ் 1960-கள்லயே இந்த யோசனையைக் கையில எடுத்துச்சு. சென்னை மாநகராட்சி 1990-கள்ல ஏத்துக்கிச்சு. 2001-ல நாய்களுக்கான விலங்குக் கருத்தடை விதிகள் வந்துச்சு, 2023-ல புது விதிகள் வந்துச்சு. பூனைகள் பக்கம் அரசாங்கத் திட்டம் அந்த அளவுக்கு இன்னும் வரலை. பெரும்பாலும் நம்மள மாதிரி ஆட்கள்தான் இறங்கணும்.

ஒரு காலேஜ்ல நடந்த கதை

அமெரிக்காவுல மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்துல 1991-ல இந்த வேலையைத் தன்னார்வலர்கள் ஆரம்பிச்சாங்க. பதினோரு வருஷத்துல 155 பூனை பதிவாச்சு. அதுல 47 சதவீதத்துக்கு வீடு கிடைச்சுது. 1995-க்கு அப்புறம் வளாகத்துல குட்டியே பிறக்கலை. 2002-ல 23 பூனைதான் மிச்சம். 2019-ல வந்த தொடர் ஆய்வுல 10.

இதுல ரெண்டு பாடம் இருக்கு. முதலாவது, புதுசா ஒரு பூனை வந்தா அது குட்டி போடுறதுக்கு முன்னாடியே பிடிச்சாங்க. ரெண்டாவது, கருத்தடை மட்டும் பண்ணலை, பழகின பூனைக்கும் குட்டிக்கும் வீடு தேடினாங்க. கூடவே காலத்தையும் பாருங்க. 28 வருஷம். நாம நாலு வருஷத்துல பாஸாகிப் போயிடுவோம். அதனால ஜூனியர்கிட்ட ஒப்படைக்கிற நோட்டும் இந்த வேலையில ஒரு பகுதி.

செய்முறை

*எண்ணுங்க.* ஒரு வாரம், தினமும் ஒரே நேரத்துல. ஒவ்வொரு பூனைக்கும் போட்டோ, நிறம், அடையாளம். மூணு கலர்ல இருந்தா கிட்டத்தட்ட எப்பவும் பெட்டை. தாடை உப்பி, முகம் அகலமா இருந்தா பெரும்பாலும் வளர்ந்த கடுவன்.

*பேசுங்க.* வார்டன், மெஸ் அண்ணன், செக்யூரிட்டி ஐயா, சோறு வைக்கிற அக்கா. முக்கியமா அந்த அக்காகிட்ட. எந்தப் பூனை எப்ப வரும்னு அவங்களுக்குத்தான் தெரியும். நிர்வாகத்துகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. டாக்டர்கிட்ட தேதி உறுதியாகாம ஒரு பூனையையும் பிடிக்காதீங்க.

*கூண்டு.* பெரிய சைஸ் எலிக்கூண்டுதான். சுமார் 80 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 35 செ.மீ. உயரம், வெல்ட் மெஷ், மிதிச்சா கதவு விழுற தட்டு. கதவு வாலை நசுக்காத அளவுக்கு இருக்கணும். கம்பி முனை எதுவும் உள்பக்கம் நீட்டக் கூடாது. மெக்கானிக்கல் மக்களே, வொர்க்‌ஷாப்ல பண்ண இதைவிட நல்ல புராஜெக்ட் கிடைக்காது.

*பழக்குங்க.* நாலஞ்சு நாள் கதவைக் கட்டி வச்சு, கூண்டுக்குள்ளயே சோறு வைங்க. அவசரப்பட்டு ஒரு தடவை பயமுறுத்திட்டா முடிஞ்சுது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது.

*பிடிங்க.* முதல் நாள் சோறு வேண்டாம், தண்ணி மட்டும். அக்காகிட்டயும் சொல்லி வைங்க. மறுநாள் தட்டுக்குப் பின்னாடி நெத்திலிக் கருவாடோ பொரிச்ச மீனோ வைங்க. கூண்டை விட்டுட்டு நகராதீங்க. மதுரை வெயில்ல கம்பிக் கூண்டு அடுப்பு மாதிரி, அதனால விடிகாலையோ சாயங்காலமோதான். கதவு விழுந்ததும் பழைய பெட்ஷீட்டால முழுசா மூடுங்க. இருட்டானதும் பூனை அடங்கிடும். கையை உள்ள விடவே கூடாது.

*ஆபரேஷன்.* பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் பண்ணணும். மயக்கத்துல இருக்கும்போதே ரெண்டு வேலை சேர்த்துச் செய்யச் சொல்லுங்க: ரேபிஸ் தடுப்பூசி, இடது காது நுனியில சுமார் ஒரு செ.மீ. நேரா வெட்டுறது. அந்தக் காதுதான் பூனையோட ஐ.டி. கார்டு. தூரத்துல இருந்தே "இது முடிஞ்சுது"ன்னு தெரியும். பால் கொடுக்கிற தாய் மாட்டினா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. குட்டிகள் காத்துக்கிட்டு இருக்கும். மயக்கம் நல்லாத் தெளிஞ்சதும் அன்னிக்கே திரும்ப விடணும்.

*விடுங்க.* கடுவனை ஒரு நாள், பெட்டையை ரெண்டு நாள் மூடின கூண்டுல அமைதியான இடத்துல வச்சுப் பாருங்க. ரத்தக்கசிவு இருக்கா, சாப்பிடுதா? சரின்னா பிடிச்ச அதே இடத்துல திறந்து விடுங்க. ஒரு எச்சரிக்கை: வலிக்குதேன்னு பாராசிட்டமால் கொடுத்துடாதீங்க. பூனை ஈரலால அதைக் கையாள முடியாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துடும்.

வரிசை முக்கியம். பணமும் கூண்டும் கம்மின்னா பெட்டைகளை முதல்ல முடிங்க. பத்துக் கடுவனுக்குப் பண்ணிட்டு ஒண்ணை விட்டாலும் அந்த ஒண்ணு போதும். ஆறு பெட்டையில ஒண்ணு பண்ணினாலும் வருஷத்துக்கு ஒரு பூனையும் மூணு சாவும் குறையும். அதே மாதிரி, ஊர் முழுக்க அங்கொண்ணு இங்கொண்ணா பண்றதைவிட, ஒரே கூட்டத்தை முழுசா முடிச்சுட்டு அடுத்ததுக்குப் போங்க.

குட்டிகள்

குட்டி மனுஷனை ஏத்துக்கிற காலம் ரெண்டாவது வாரத்துல இருந்து ஏழாவது வாரம் வரைக்கும். அந்தக் கதவு மெதுவா மூடிக்கிட்டே வரும். மூணு மாசக் குட்டியைப் பழக்கிறதுக்கு நிறையப் பொறுமை வேணும். ஆறு மாசத்துக்கு மேல பெரும்பாலும் நடக்காது.

தாய்கிட்ட இருந்து சீக்கிரமே பிரிக்காதீங்க. அஞ்சாறு வாரமாகி, தானா சாப்பிட ஆரம்பிச்சதும் எடுக்கலாம். ஒரு சின்ன அறை, மணல் தட்டு, ஒளிய ஒரு அட்டைப்பெட்டி. முதல் நாள் பக்கத்துல சும்மா உட்கார்ந்து பாடம் படிங்க. அப்புறம் ஸ்பூன்ல சோறு, அப்புறம் விரல் நுனியில. சாப்பிடும்போது முதுகைத் தடவுங்க. சீறினா கோபம்னு நினைக்காதீங்க, அது பயம். தினமும் நாலஞ்சு பேர் மாறி மாறிப் பழகணும். ஒரே ஆளோட பழகின குட்டி புது வீட்ல கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கும். கொடுக்கும்போது கருத்தடை பண்ணிக் கொடுங்க, இல்ல தேதி வாங்கிக் கொடுங்க.

கடி பட்டா

இதுல விளையாட்டு வேண்டாம். கடியோ ரத்தம் வர்ற பிறாண்டலோ பட்டா, ஓடுற தண்ணியில சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். அன்னிக்கே பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கோ போங்க. அரசு மருத்துவமனையில ரேபிஸ் ஊசி இலவசம். ஒரு ஊசியோட நிறுத்தாம, சொன்ன தேதியெல்லாம் போய் முழுசா முடிங்க. ரேபிஸ் அறிகுறி வந்தப்புறம் காப்பாத்த வழி இல்லை.

இந்த வாரத்து வீட்டுப்பாடம்

கூண்டு வேண்டாம், காசு வேண்டாம். ஒரு நோட்டு எடுத்து உங்க ஹாஸ்டலைச் சுத்தி ஏழு நாள் எண்ணுங்க. எத்தனை பூனை, எத்தனை பெட்டை, எத்தனை காது வெட்டினது. பெட்டைகளோட எண்ணிக்கையை எழுதி, பக்கத்துல அதை மூணால பெருக்கி எழுதுங்க. வர்ற வருஷத்துல சத்தமில்லாம போகப் போற குட்டிகளோட எண்ணிக்கை அதுதான். அந்த நோட்டை எடுத்துக்கிட்டு வார்டன் ரூமுக்குப் போங்க. பூனைக்கு யார் மணி கட்டுறதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, எத்தனை மணி வேணும்னு நமக்குத் தெரிஞ்சிருக்கணும்.