மூட்டைப்பூச்சி: மலையில் இருப்போருக்கு ஒரு பாடம்



ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எத்தனையோ வியாதிகளை ஒளிக்காமல் சொல்லுகிறார்கள். வீட்டில் மூட்டைப்பூச்சி இருக்கிறதென்று சொல்ல மாத்திரம் வெட்கம்! அந்த வெட்கத்தின் மறைவில் அது பெருகுகிறது. பாயிலும் பெட்டியிலும் ஒட்டிக்கொண்டு பிரயாணம்பண்ணும் பூச்சி பங்களா என்றும் எஸ்டேட் லயன் என்றும் பேதம் பாராது.

இரவில் டார்ச் விளக்கோடு தேடுங்கள். மெத்தையின் தையல் ஓரம், கட்டிலின் பொருத்துகள், சுவரில் மாட்டிய படத்தின் பின்புறம் ஆகிய இடங்களில் மை தெறித்ததுபோல் கரும்புள்ளிகளும், உரிந்த தோலும், ஒரு மில்லிமீட்டர் நீள வெள்ளை முட்டைகளும் தென்படும். வளர்ந்த பூச்சி ஏறக்குறைய 5 மில்லிமீட்டர். விரலிடுக்கில் நமைச்சல் என்றால் அது சிரங்காயிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள்.

இது வியாதி பரப்புமா? சென்னையில் பணியாற்றிய பேட்டன் என்ற மருத்துவர் 1907-ல் காலா அசார் காய்ச்சலுக்கு மூட்டைப்பூச்சியே காரணமென்று எண்ணினார். அதைப் பரப்புவது மணல் ஈ என்று 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் என்பவர்கள் நிரூபித்தார்கள். மூட்டைப்பூச்சி மனிதருக்குள் எந்த வியாதியையும் பரப்புவதாக இன்றுவரை நிரூபணமில்லை. தூக்கம் கெடும், சொறிந்து புண்ணாகும், அவ்வளவே.

அதைக் கொல்ல நாம் எடுக்கும் விஷம்தான் எனக்குப் பயம். 1953-ல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் துவங்கி வீடுகளில் டி.டி.டி. அடித்தபோது மூட்டையும் செத்தது. பின்பு பூச்சி மருந்துக்குப் பழகிவிட்டது. மருந்தடிக்கிறவர்களை வீட்டுக்குள் விடவே பல ஊர்களில் மறுத்தார்கள். காப்பித் தோட்டத்து மருந்தைப் படுக்கையில் தெளிக்கவே தெளிக்காதீர்கள். தானியத்துக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை விஷவாயுவைக் கக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், எலிக்காக வீட்டில் வைத்த மருந்தால் இரண்டு சிறுபிள்ளைகள் மரித்துப்போனார்கள். மண்ணெண்ணெயும் வேண்டாம், தீப்பிடிக்கும்.

பூச்சிக்குச் சத்துரு சூடு. 50 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முட்டையும் தப்பாது. சேலத்தார் சித்திரை வெயிலில் கட்டிலை முற்றத்தில் போடுவார்கள். ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்திலுள்ள ஏற்காட்டிலோ, மூடுபனியில் துவைத்த துணியே காயாது! ஆகையால் கொதிநீரையே நம்புங்கள். போர்வை, தலையணை உறைகளைக் கொதிநீரில் அரை மணி நேரம் அமிழ்த்துங்கள். கட்டிலின் பொருத்துகளில் கெட்டிலால் ஊற்றுங்கள். கயிற்றுக் கட்டிலானால் கயிறு முழுவதும் நனையவேண்டும். மெத்தைத் தையலில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை நிதானமாய் ஓட்டுங்கள். சுவர் விரிசல்களைப் பூசி அடையுங்கள். கட்டிலைச் சுவரிலிருந்து விலக்கி, கால்களைச் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள்.

ஒருமுறை செய்து ஓயக்கூடாது. சமவெளியில் ஒரு வாரம், பத்து நாளில் பொரிக்கும் முட்டை குளிரில் தாமதிக்கும். குளிரில் வளர்ந்த பூச்சி இரத்தமின்றிப் பல மாதம் உயிரோடிருக்கும். வீட்டைப் பூட்டிவைத்துப் பட்டினிபோட நினைப்பது வீண். வாரம் ஒருமுறையாக இரண்டு மாதமாவது தொடருங்கள்.

நோயாளிக்குத் துணையாகத் தங்கியவர்கள், வீடு திரும்பியதும் தங்கள் போர்வையைக் கட்டிலில் வைக்காமல் நேரே கொதிநீரில் போடட்டும்.