அச்சிட்ட பீக்கை எலும்போடு ஒட்டவைப்பது எப்படி?

பிள்ளைச்சாவடியில் பொறியியல் படிப்பு, பக்கத்திலேயே காலாப்பட்டில் பல்கலைக்கழக ஆய்வகம், கோரிமேட்டில் ஜிப்மர். இம்ப்ளான்ட் ஆய்வுக்கு வேண்டிய மூன்று தரப்பும் புதுச்சேரியில் ஒரு பைக் தூரத்தில் இருக்கின்றன. முப்பரிமாண அச்சில் பாலிமர் இம்ப்ளான்ட் ப்ராஜெக்ட் எடுக்க நினைக்கும் மாணவருக்கான செய்முறை இது.

எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள் பாலி ஈதர் ஈதர் கீட்டோன், சுருக்கமாக பீக். டைட்டானியக் கலவையின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். எலும்பின் கெட்டியான புறப்பகுதி ஏறக்குறைய 15 முதல் 20. பீக்குக்கு 3 முதல் 4 தான். அதனால் சுமை முழுவதையும் தானே வாங்கிக்கொண்டு எலும்பைச் சோம்பேறி ஆக்காது. எக்ஸ்ரேயிலும் மறைக்காது. குறை ஒன்றுதான்: எதோடும் சேராத பிளாஸ்டிக். எலும்பு செல்கள் அதன்மேல் சரியாகப் பிடிக்காமல், சுற்றிலும் நார்த்திசு வளர்ந்து அதை ஒதுக்கிவிடும். அதன் மேற்பரப்பை அமிலத்தால் துளையாக்கி எலும்பு செல்களுக்குப் பிடிமானம் தருவதே இந்தச் செய்முறை.

முதலில் அச்சு. கடற்கரை ஊரின் ஈரம் அச்சுக்கான பீக் இழையில் ஏறியிருந்தால் அச்சில் குமிழி விழும். இழையை 120 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்துங்கள். நாசில் 400 டிகிரியை ஒட்டி, அச்சு இயந்திரத்தின் உள்ளறை நல்ல சூட்டில். 10 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் உள்ள வில்லைகள் போதும். எடுத்ததும் நிறத்தைப் பாருங்கள். வெளிர் பழுப்பாக, ஒளி ஊடுருவாமல் இருந்தால் படிகமாகியிருக்கிறது. காபி நிறத்தில் கண்ணாடி போல ஒரு திட்டு தெரிந்தால் அந்த இடம் சட்டென்று குளிர்ந்துவிட்டது. அங்கே அமிலம் வேகமாக அரித்து மேற்பரப்பை ஒரே சீராக இல்லாமல் செய்துவிடும். 200 டிகிரி ஓவனில் வைத்தால் நிறம் மாறும். அதன் பிறகே அடுத்த வேலை.

அசிட்டோன், எத்தனால், டிஸ்டில்டு வாட்டர் என்ற வரிசையில் அல்ட்ராசோனிக் குளியலில் கழுவி உலர்த்துங்கள்.

இனி அமிலம். வழக்கமான கரைப்பான் எதற்கும் மசியாத பீக், அறை வெப்பத்தில் 98 சதவீத கந்தக அமிலத்தில் கரையும். அந்தக் குணத்தையே பயன்படுத்திக்கொள்கிறோம். ஃபியூம் ஹூடுக்குள், முகக்கவசம் மாட்டி, மேக்னடிக் ஸ்டிரர் மெதுவாகச் சுழல, வில்லையைச் சுமார் 5 நிமிடம் முக்குங்கள். ஆய்வகத்தில் எல்லோரும் மாட்டும் நீல நைட்ரைல் கையுறை இந்த அமிலத்தைத் தாங்காது, நியோப்ரீன் வேண்டும். நேரத்தைக் கூட்டினால் துளைகள் பெருகும், ஆனால் மேல்தோல் வலுவிழந்து உரியும். ஆசைப்படாதீர்கள்.

நேரம் முடிந்ததும் பெரிய பீக்கர் நிறைய இருக்கும் ஐஸ் தண்ணீரில் வில்லையைப் போடுங்கள். கரையத் தொடங்கிய பாலிமர் அப்படியே உறைந்து, மைக்ரான் அளவிலும் அதற்குக் கீழுமாகத் துளைகள் நிறைந்த வலையாகும். பளபளப்பு போய் மங்கலான வெண்மை வரும். மிஞ்சிய அமிலத்தை சிங்க்கில் ஊற்றக் கூடாது. ஐஸ் தண்ணீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, சமையல் சோடாவால் நடுநிலையாக்குங்கள். ஒருபோதும் அமிலத்தின்மேல் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

என் கணக்கில், இந்த வேலையின் வெற்றி தோல்வி கழுவுவதில்தான். கடைசலில் வெட்டிய பீக் துண்டு வழுவழுப்பாக இருக்கும், எளிதில் கழுவலாம். அச்சிட்டதில் அடுக்குக்கு அடுக்கு இடுக்கு இருக்கும். அமிலம் அங்கே பதுங்கிக்கொள்ளும். இன்று சுத்தமாகத் தெரியும் வில்லை நாளை செல் வளர்ப்புத் தட்டில் அமிலத்தைக் கசியவிட்டு செல்களைக் கொன்றுவிடும். ஆகவே அசிட்டோன், பிறகு பலமுறை டிஸ்டில்டு வாட்டர், அதன் பின் மூடிய கலனில் 120 டிகிரி வெந்நீரில் சில மணி நேரம் பதப்படுத்தல். கழுவிய வில்லையை ஒரு நாள் சுத்த நீரில் ஊறவைத்து, நீரின் பி.ஹெச். இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் மறுபடி கழுவ வேண்டியதுதான். பல்கலைக்கழகத்தின் மையக் கருவி ஆய்வகத்தில் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம் எடுக்கும்போதே, வசதி இருந்தால் கந்தக அளவையும் கேளுங்கள். கந்தகம் அடியோடு போகாது. பாலிமரோடு கட்டுண்ட கொஞ்சம் இருக்கும், அது நீரை ஈர்க்க உதவுகிறது. மிகுந்திருப்பதுதான் ஆபத்து.

அமிலத்தைத் தொட விருப்பமில்லையா? ஆக்சிஜன் பிளாஸ்மா இருக்கிறது. சுத்தமான வேலை, ஆனால் அதன் பலன் காற்றில் கிடக்கக் கிடக்கக் குறையும். பிளாஸ்மா முடிந்த கையோடு செல் சோதனைக்குப் போக முடிந்தால் மட்டும் அதை எடுங்கள்.

சோதனைக்கு, ஒரு சொட்டு நீர் விட்டு அது எவ்வளவு பரவுகிறது என்று கோணம் அளப்பது முதல் படி. அடுத்தது ஜப்பானியர் கொகுபோ வகுத்த செயற்கை உடல்நீர்: 36.5 டிகிரி, பி.ஹெச். 7.4, ஓரிரு வாரம் முதல் நான்கு வாரம் வரை. முறை ஐ.எஸ்.ஓ. 23317இல் இருக்கிறது. வில்லைமேல் எலும்புக் கனிமம் போன்ற அபடைட் படிந்தால் நல்ல அறிகுறி. எலும்பு ஒட்டிவிட்டது என்பதற்கு அது சான்று அல்ல. அதற்கு ஐ.எஸ்.ஓ. 10993-5 செல் நச்சுச் சோதனையும், நெறிமுறைக் குழு அனுமதியோடு விலங்குச் சோதனையும் வேண்டும்.

ஒவ்வொரு வில்லைப் பொட்டலத்தின் மேலும் இழையின் பேட்ச் எண், அமிலத்தில் இருந்த நிமிடம், எத்தனை முறை கழுவியது என்று எழுதி ஒட்டுங்கள். வில்லை எவ்வளவு நன்றாக வந்தாலும் அது ஆய்வகத்துக்கு மட்டும்தான். நோயாளி உடலுக்குள் போகும் எந்த இம்ப்ளான்ட்டும் 2017ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் விதிகளின் கீழ் வரும்.