லண்டன் – சிட்னி: எங்கே இறங்கி மாறுவது?

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே நேர்வழித் தூரமே ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். 1947 டிசம்பரில் சிட்னியிலிருந்து ஆஸ்திரேலிய விமான நிறுவனமான குவாண்டாஸ் இந்தத் தடத்தைத் தொடங்கியபோது, பல ஊர்களில் இறங்கி இறங்கிப் போய்ச் சேர நான்கு நாள் பிடித்தது. இன்று ஒரே இடத்தில் விமானம் மாறி, ஒரு நாளுக்குள் போய்விடலாம். டிக்கெட் தேடும்போது முதலில் கண்ணில் படுவது விலையும் மொத்த நேரமும். அவற்றுக்கு முன்னால், அந்த ஒரு நிறுத்தம் பயணத்தை எந்த இடத்தில் இரண்டாக வெட்டுகிறது என்று பாருங்கள். வயதான பெற்றோரோ கைக்குழந்தையோ கூட வந்தால், இதுதான் முதல் கேள்வி.

அதிகம் பேர் எடுப்பது வளைகுடா வழி: துபாய், தோஹா, அபுதாபி. லண்டனிலிருந்து சுமார் ஏழு மணி நேரம், அங்கிருந்து சிட்னிக்குச் சுமார் பதினான்கு. விமானங்கள் ஏராளம், ஒன்று தவறினாலும் அடுத்தது சீக்கிரம் கிடைக்கும். லண்டனிலிருந்து போகிறவருக்கு உள்ள குறை, நீளமான பாதி பின்னால் வருவது. ஏழு மணி நேரத்தில் தூக்கம் நிறைவதில்லை. அரைத் தூக்கத்தில் எழுந்து, பெரிய நிலையத்தில் நடந்து, களைத்த உடம்போடு பதினான்கு மணி நேரத்துக்கு உட்கார வேண்டும். வான்வெளிப் பதற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியை மூடியபோது, தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்கள் நடுவழியில் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. நெருக்கமான உறவினரின் திருமணத்துக்குப் போகிறவர் இரண்டு நாள் முன்னதாகவே போய் இறங்குவது நல்லது.

என் விருப்பம் சிங்கப்பூர். லண்டனிலிருந்து பதின்மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ, பிறகு எட்டு. கஷ்டமான பாதி உடம்பில் தெம்பு இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. இரவில் ஏறினால் ஒரு முழுத் தூக்கம் தூங்கலாம். சாங்கி நிலையத்தில் குளிக்கலாம், காலாற நடக்கலாம். சிட்னியிலிருந்து திரும்பும்போதும் இந்தப் பிரிவு கைகொடுக்கிறது: பகலில் எட்டு மணி நேரம், பிறகு சிங்கப்பூரில் இரவு ஏறி விடிகாலையில் லண்டன். டிக்கெட் விலை வளைகுடா வழியைவிடக் கூடுதலாக இருக்கும் நாட்கள் உண்டு. எழுபது தாண்டியவர்களை அனுப்பும்போது அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கத் தயங்காதீர்கள்.

பெர்த் வழி எல்லாருக்கும் பொருந்தாது. 2018 மார்ச்சில் தொடங்கிய லண்டன்–பெர்த் நேரடி விமானம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரை, சுமார் 17 மணி நேரத்தில் ஒரே மூச்சாகக் கடக்கிறது. பெர்த்திலிருந்து சிட்னிக்கு இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. பெர்த்திலேயே உறவினர் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. சிட்னிவரை போகிறவர்களுக்கு லாபம் குறைவு. இவ்வளவு நீளப் பறப்பில் காற்றும் ஒரு பெரிய கணக்கு. 2024 ஏப்ரலில் ஈரானைத் தவிர்த்துச் சுற்ற வேண்டி வந்தபோது, பெர்த்திலிருந்து லண்டன் போகும் விமானம் எதிர்க்காற்றைச் சமாளிக்க எரிபொருள் போதாமல் சிங்கப்பூரில் இறங்கிச் சென்றது. திரும்பும் விமானத்துக்குப் பின்காற்று துணையிருந்ததால் அது நேராகவே வந்தது. சிட்னி–லண்டன் இடைநில்லா விமானத்தை 2027இல் தொடங்க குவாண்டாஸ் திட்டமிட்டிருக்கிறது. கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய ஏர்பஸ் ஏ350, 238 இருக்கைகள், இருபது மணி நேரத்துக்கு மேல் வானத்தில்.

வரைபடத்தில் பார்த்தால் பாதியை மிகச் சரியாக வெட்டும் ஊர் கொழும்பு. இரு பக்கமும் ஏறத்தாழ 8,700 கிலோமீட்டர், பத்தரை பதினொரு மணி நேரம். ஸ்ரீலங்கன் விமானங்கள் எண்ணிக்கையில் குறைவு, காத்திருப்பும் நீளக்கூடும். அதனால் அவசரப் பயணத்துக்கு இது உதவாது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சொந்தம் இருக்கிறவர்கள் ஒரு வாரம் இறங்கி இருந்துவிட்டுப் போனால், இரண்டு பயணச் செலவு ஒன்றாகிவிடும்.

சீனா வழியாகவும் போகலாம். சீன விமானங்கள் ரஷ்ய வான்வெளியில் பறப்பதால் நேரம் மிச்சம். 2022 முதல் பிரிட்டிஷ் விமானங்களுக்கு அந்த வழி இல்லை. சீன விமானங்களில் விலையும் பெரும்பாலும் மலிவு. அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட்டுகளை விட்டுவிடுங்கள்: விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க அனுமதி வேண்டும், தூரமும் அதிகம்.

வழி முடிவானதும் விமான வகையைப் பாருங்கள். சாதாரண வகுப்பில் ஏ380இன் இருக்கை, போயிங் 787இன் இருக்கையைவிடக் கொஞ்சம் அகலம். பதினான்கு மணி நேரத்தில் அந்த ஓர் அங்குலம் தெரியும். எந்த வழியானாலும் எழுந்து நடக்க வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால், கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறத்தாழ இருமடங்காகும் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. நடைபாதை ஓர இருக்கையை முன்கூட்டியே பணம் கட்டியாவது வாங்கிவிடுங்கள்.

இரண்டு பறப்பும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டின் பணம் போனதுதான். லண்டனில் புறப்படும் எந்த நிறுவன விமானமானாலும், அந்த நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால் பிரிட்டிஷ் சட்டப்படி 520 பவுண்ட் கேட்கலாம். சிட்னியிலிருந்து திரும்பும்போது அந்த உரிமை பிரிட்டிஷ், ஐரோப்பிய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டுமே உண்டு. பெற்றோருக்குச் சக்கர நாற்காலி தேவையென்றால் புறப்படுவதற்கு 48 மணி நேரம் முன்பே நிறுவனத்திடம் சொல்லி, மாறும் ஊரிலும் அது பதிவாகியிருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.