உப்புக்காற்றும் பவர் ஆயிலும்

ஸ்டீயரிங் கனக்குது, பவர் ஆயிலை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், டயரில் காற்று பார்த்தாச்சா என்றுதான் முதலில் கேட்பேன். பல பேருக்கு அதோடு விஷயம் முடிந்துவிடும். முன்டயரில் காற்று குறைந்தால் எந்தப் பவர் ஸ்டீயரிங்கும் கனக்கத்தான் செய்யும். காற்று சரியாக இருந்தும் கனக்கிறது, இல்லாவிட்டால் வண்டியை ஒடிக்கும்போது முன்னாலிருந்து முனகல் கேட்கிறது என்பவர்கள் மேற்கொண்டு படிக்கலாம்.

குமரிக் கடற்கரையில் இனயத்தில் பழைய இன்னோவா ஒன்றை வைத்து ஓட்டுகிறேன். சவாரி பெரும்பாலும் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு. வளைகுடாவுக்கு மீன்பிடி வேலைக்குப் போகிறவர்களைக் கொண்டு விடுவது, லீவுக்கு வருகிறவர்களை அழைத்து வருவது. போக இரண்டு வழி உண்டு. கருங்கல், மார்த்தாண்டம், களியக்காவிளை என்று உள்ளே போனால் வளைவுக்கு மேல் வளைவு, ஸ்டீயரிங்குக்கு ஓய்வே கிடையாது. தேங்காய்ப்பட்டணம், கொல்லங்கோடு, பூவார் என்று கடலோரமாகப் போனால் உப்பு. ஆனி ஆடியில் கடல் சீறும்போது அலை தடுப்புக் கல்லைத் தாண்டி ரோட்டிலேயே வந்து விழும். காற்றே இல்லாத நாளிலும் கள்ளக்கடல் ஏறினால் அதே கதைதான். அந்தத் தண்ணீரிலும் மணலிலும் வண்டியை ஊர்ந்து கொண்டுபோயே ஆக வேண்டும்.

அதனால் எங்கள் கரையில் பவர் ஸ்டீயரிங் பராமரிப்பு என்றால் பாதி வேலை ஆயிலில், பாதி வேலை வண்டிக்கு அடியில். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்தவர்களின் வண்டி, சக்கரத்தைத் திருப்பும் ராக்கில் ஒழுகலோடு ஒர்க்‌ஷாப்பில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆயில் லிட்டர் சில நூறு ரூபாய். ராக்கைக் கழற்றிச் சீல் மாற்றுவதென்றால் ஆயிரக்கணக்கில் போகும்.

சமாச்சாரம் எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது, பெரும்பாலான வண்டிகளில் பெல்ட் மூலமாக. பம்ப், பவர் ஆயில் ஊற்றும் டப்பாவிலிருந்து ஆயிலை உறிஞ்சி, அழுத்தம் தாங்கும் பைப் வழியாக ராக்குக்கு அனுப்புகிறது. நாம் எந்தப் பக்கம் ஒடிக்கிறோமோ அந்தப் பக்கம் தள்ளும்படி ஒரு வால்வு ஆயிலைத் திருப்பிவிடுகிறது. வேலை முடிந்த ஆயில் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்புகிறது. முழுக்க ஒடித்துப் பிடித்தால் அழுத்தம் 80, 100 பார் வரை ஏறும். லாரி டயரில் இருப்பது ஏறக்குறைய 8 பார்தான். முழு ஒடிப்பில் ஐந்து வினாடிக்கு மேல் பிடித்து வைக்காதே என்று சொல்வது இதற்காகத்தான். அப்போது ஆயில் கொதித்துப் போகும், பம்ப் தேயும். கருங்கல் சந்தை நாளில் சந்தில் வண்டி திருப்புகிறவர்கள் கவனிக்க வேண்டும். கடைசிவரை ஒடித்தபிறகு ஒரு விரல்கடை தளர்த்திவிட்டால் முனகல் நின்றுவிடும்.

காருக்கு ஏற்ற பவர் ஸ்டீயரிங்கை உருவாக்கிய பிரான்சிஸ் டேவிஸ், அமெரிக்காவில் பியர்ஸ்-ஏரோ கம்பெனியின் லாரிப் பிரிவில் எஞ்சினியராக இருந்தவர். கனரக வண்டி ஓட்டுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து வேலையை விட்டு வந்து, 1926-இல் ஒரு காரில் பொருத்தி ஓட்டிக் காட்டினார். கடைக்கு வந்ததோ 1951-இல், கிரைஸ்லர் இம்பீரியல் காரில். அதற்குள் அவருடைய காப்புரிமைகள் சிலவற்றின் காலமே முடிந்துபோயிருந்தது. டாக்சி ஓட்டுகிறவன் என்ற முறையில் அந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இனி வேலைக்கு வருவோம். டப்பாவின் மூடியைத் திறந்து ஒரு சொட்டு ஆயிலை வெள்ளைத் துணியில் விட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் ஊற்றுவது ஏ.டி.எப்., அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்; புதியது செக்கச்செவேல் என்று இருக்கும். லேசான பழுப்பு என்றால் மாற்றும் காலம் நெருங்குகிறது. கறுத்துப் போய்க் கருகல் வாடை அடித்தால் தாமதிக்க வேண்டாம். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது, அல்லது காற்று புகுந்து நுரைத்திருக்கிறது. வண்டியை நிறுத்திவைத்தால் நுரை தெளிந்துவிடும், தண்ணீர் தெளியாது. துணியில் வெள்ளிப்பொடி மினுக்கினால் பம்பே தேய்கிறது என்று அர்த்தம், அதற்கு ஆயில் மாற்றுவது மருந்தாகாது.

எந்த ஆயில் என்பதில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். டப்பா மூடியிலோ வண்டியோடு வந்த புத்தகத்திலோ எழுதியிருக்கும், அதுதான் சட்டம். இன்னோவாவுக்கு டெக்ஸ்ரான் 2 அல்லது 3 வகை ஏ.டி.எப். ஊற்ற வேண்டும். பழைய ஹோண்டாக்களுக்கு ஹோண்டாவின் சொந்த ஆயில், அதில் ஏ.டி.எப். கலக்கக் கூடாது. ஐரோப்பிய வண்டிகள் சிலவற்றுக்குப் பச்சை நிறத்தில் வேறு ஒன்று. அவசரத்துக்கு பிரேக் ஆயிலை ஊற்றினால் கதை முடிந்தது. இந்தச் சீல்கள் அதற்குத் தாங்காது, ஊதிப்போய் ஒழுகும். ஒழுகலை அடைக்கும் என்று விற்கிற குப்பி மருந்தும் ரப்பரை ஊதவைத்துத்தான் வேலை செய்கிறது. சில மாதம் ஓட்டலாம், பிறகு இருக்கிற சீலும் போகும். விற்கப்போகிற வண்டிக்கு அதை ஊற்றுகிறவர்கள் உண்டு, வாங்குகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

வீட்டில் செய்ய இரண்டு வழி. எளிதான வழிக்கு மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி சிரிஞ்சும், அதன் முனையில் மாட்ட டிரிப் குழாயின் ஒரு துண்டும் போதும். டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். எஞ்சினை ஓட்டி, இரண்டு பக்கமும் சில தடவை மெதுவாக ஒடித்துவிட்டு, மறுபடி உறிஞ்ச வேண்டும். மொத்த ஆயிலில் மூன்றில் ஒரு பங்கு டப்பாவில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று தடவை செய்தபிறகும் பழையது 30 சதவீதம் மிச்சம் இருக்கும். ஐந்து தடவைக்குப் பிறகு 13. ஒரே நாளில் செய்ய வேண்டும் என்றுமில்லை. வாரம் ஒருமுறை, டயருக்குக் காற்றடிக்கும் நாளில் செய்தாலும் சரிதான். ஆயில் வெறும் பழுப்பாக இருக்கிற வண்டிக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழியைத்தான். ஹோஸைக் கழற்ற வேண்டாம், காற்று புகாது, அடியில் படுக்க வேண்டாம்.

கறுத்துப்போன ஆயிலுக்கு இது போதாது. முன்சக்கரம் இரண்டையும் தூக்கி, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றித்தான் ஆக வேண்டும். இங்கேதான் கடற்கரைக்காரனுக்கு ஓர் எச்சரிக்கை: எங்கள் வீட்டு முற்றமெல்லாம் மணல். ஜாக்கி மணலில் இறங்கும், அதுவும் வண்டி பாதி தூக்கிய பிறகுதான் இறங்கும். அடியில் அகலமான கட்டைப் பலகை போட்டு, பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, தூக்கிய பிறகு இரும்பு ஸ்டாண்டில் உட்கார வைக்க வேண்டும். ஹாலோ பிளாக்கை அடுக்கி வைக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அது சுவருக்குத்தான் ஆகும், வண்டிக்குக் கீழே சொல்லாமல் நொறுங்கும்.

டப்பாவில் இரண்டு ஹோஸ் இருக்கும். தடிமனானது பம்புக்குப் போவது, மெல்லியது திரும்பி வருவது. மெல்லியதைக் கழற்றி அதன் வாயைக் காலி பாட்டிலுக்குள் விட வேண்டும். டப்பாவில் அது மாட்டியிருந்த மூக்கை ரப்பர் மூடியால் அடைக்க வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் திருப்பி ஸ்டீயரிங் பூட்டை விடுவித்துவிட்டு, வீட்டில் ஒருவரை உட்காரவைத்து மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முழுக்க ஒடிக்கச் சொல்லுங்கள். கறுப்பு ஆயில் விட்டு விட்டு வரும். நீங்கள் மேலே புதியதை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், டப்பாவின் அடி தெரியவே கூடாது. எஞ்சினை ஓட்டித்தான் தள்ள வேண்டும் என்றால் இரண்டு மூன்று வினாடி, உடனே நிறுத்த வேண்டும். பம்ப் வேகம் பிடித்தால் டப்பா கண்ணிமைக்கும் நேரத்தில் காலியாகிவிடும். பாட்டிலில் விழுவது சிவப்பானதும் ஹோஸைத் திரும்ப மாட்டிவிடலாம். துருப்பிடித்த பழைய கிளாம்ப்பை மட்டும் திரும்பப் போடாதீர்கள், இந்தக் காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளாம்ப் வாங்கிப் போடுவதே நல்லது.

பிறகு காற்று எடுப்பது. சக்கரம் தூக்கியபடியே, எஞ்சின் ஓடாமல், இருபது தடவையாவது நிதானமாக ஒடிக்க வேண்டும். அளவு இறங்கினால் ஊற்ற வேண்டும். அதன் பிறகுதான் ஸ்டார்ட் செய்து அதையே சில தடவை செய்ய வேண்டும். அவசரப்பட்டு எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்தால் காற்றும் ஆயிலும் அடித்துக் கலந்து நுரையாகிவிடும், அது தெளிய மணிக்கணக்காகும். வேலை சரியாக முடிந்ததா என்று பார்க்க டொயோட்டாக்காரர்கள் சொல்லும் ஒரு சோதனை எனக்குப் பிடிக்கும். எஞ்சின் ஓடும்போது டப்பாவின் அளவைக் குறித்துக்கொண்டு, நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் உள்ளே காற்று இன்னும் இருக்கிறது. புது ஆயில் ஊற்றி, காற்றும் எடுத்து, முனகல் மட்டும் நிற்கவில்லை என்றால் டப்பாவுக்குள் இருக்கும் சல்லடை அடைத்திருக்கலாம். பல வண்டிகளில் அதைத் தனியாகக் கழற்ற முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே அடியில் படுத்துப் பாருங்கள். ராக்கின் இரு முனையிலும் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை உண்டு, பெல்லோஸ் என்பார்கள். மடிப்பை விரலால் விரித்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும், மேலோட்டமாகப் பார்த்தால் நல்லதாகவே தோன்றும். அந்த வெடிப்பு வழியாக உப்பும் மணலும் உள்ளே போகும். பளபளப்பாக இருக்க வேண்டிய ராக் தண்டில் துருப் புள்ளி விழும். ஒவ்வொரு ஒடிப்பிலும் அந்தத் துரு அரமாக நின்று சீலை அறுக்கும். கடலோர வண்டிகளில் ராக் போவது அதிகமும் இப்படித்தான். பெல்லோஸ் வெடித்த அன்றே மாற்றினால் சின்னச் செலவு. உறையை அமுக்கும்போது உள்ளே ஆயில் தளும்பினால் சீல் ஏற்கெனவே போய்விட்டது.

அடுத்தது இரும்புப் பைப். வளைவிலும், கிளிப் பிடித்திருக்கும் இடத்திலும், ரப்பரும் இரும்பும் சேரும் பூண் அருகிலும் துரு முதலில் விழும். பெயின்ட் கொப்பளித்திருந்தால் தேய்த்துவிட்டுத் துருத்தடுப்பு பெயின்ட் அடிக்கலாம். செதில் செதிலாக உரிந்தால் மாற்றத்தான் வேண்டும். 100 பார் அழுத்தத்தில் அது ஓடும் வண்டியில் வெடித்தால் சூடான எஞ்சின்மேல் ஆயில் தெறிக்கும்.

எங்கள் பக்கத்தில் மழைக்கு முன்பு பழைய எஞ்சின் ஆயிலை வண்டிக்கு அடியில் அடிக்கிற வழக்கம் உண்டு. இரும்புக்கு நல்லதுதான். ஆனால் பெல்லோஸும் புஷ்ஷும் பெல்ட்டும் அதில் ஊறிக் கெட்டுப்போகும். அதற்குப் பதில் அடுத்த வீட்டு மாமா சொல்வதைச் செய்கிறேன். வள்ளத்து மெசினோடு வாழ்ந்தவர் அவர். “லே மக்கா, கரையேறுன ஒடனே மெசினுக்கு நல்ல தண்ணி குடுக்காம வீட்டுக்குப் போவமா? ஒன் வண்டி மட்டும் உப்புக்கு என்ன மருமவனா?” அலை விழுந்த ரோட்டில் போய் வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரைக் குழாயில் பிடித்து அடியை நனைத்துவிடுவேன். வாட்டர் சர்வீசில் பெல்லோஸுக்கு நேராகப் பீய்ச்சி அடிக்கவிடுவதில்லை.

ஆயிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கனமும் இங்கே அடிக்கடி வரும். ஸ்டீயரிங் தண்டு கீழே ராக்கோடு சேரும் இடத்தில் இருக்கிற யுனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடித்து இறுகுவது. சக்கரம் தூக்கியிருக்கும்போது எஞ்சின் ஓடாமல் ஸ்டீயரிங்கைச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒரு முழுச் சுற்றில் இரண்டு இடத்தில், எப்போதும் அதே இடத்தில், பிடித்து விட்டால் குற்றவாளி ஜாயின்ட்தான். இதற்காக ராக்கை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டிலில் பிடித்த பழைய ஆயிலைத் தென்னை மூட்டிலோ ஏ.வி.எம். கால்வாயிலோ ஊற்றாதீர்கள். மணல் நிலம், கிணறும் பக்கத்தில். கரையானுக்கு நல்லது என்று கேட்டு வாங்க ஆள் வருவார்கள், அவர்களுக்கும் கொடுக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் பழைய ஆயில் பீப்பாய் இருக்கும், அதில் ஊற்றிவிட்டு வரலாம்.

புதிய சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றில் இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஆயிலுக்குப் பதில் மின் மோட்டார். 1988-இல் சுசூகி செர்வோவில் தொடங்கியது, இப்போது எங்கும் வந்துவிட்டது. அவற்றில் டப்பாவைத் தேட வேண்டாம். கனத்தால் பேட்டரியையும், ஒயர் இணைப்பில் பச்சை பூத்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். பெல்லோஸ் மட்டும் அவற்றிலும் உண்டு. அதனால் கடற்கரையோரம் ஓடிய வண்டி எதை விலைபேசப் போனாலும், பெயின்ட்டைத் தடவிப் பார்ப்பதற்கு முன்னால் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடிக்கச் சொல்லி, குனிந்து அந்த மடிப்பை விரித்துப் பாருங்கள். வெடித்திருந்தால், ராக் விலையைக் கழித்துக்கொண்டு பேச்சைத் தொடங்கலாம்.