கணினி காட்டும் எண்ணைச் சோதிப்போம்

தமிழ்நாட்டில் 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்ட பிறகு, கணினி ஆய்வகம் கணினிப் பயிற்றுநர்களின் பொறுப்பாக மட்டும் இல்லை. அறிவியலும் கணக்கும் நடத்தும் பட்டதாரி ஆசிரியர்கள் பலரிடமும் ஆய்வகச் சாவி இருக்கிறது. தஞ்சாவூர் மாவட்டத்தில் வெண்ணாற்றுப் பாசனப் பகுதியில் உள்ள பள்ளியில் அறிவியல் நடத்தும் நானும் அவர்களில் ஒருவன். அந்த அனுபவத்தில், பழைய மேசைக் கணினிகளைப் பராமரிக்கும்போது எல்லோருக்கும் வரும் ஒரு சிக்கலைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

ஒரு கணினி மெதுவாகிறது. அல்லது பாதி வகுப்பில் தானாக அணைகிறது. காரணம் அறிய வன்பொருள் கண்காணிப்பு மென்பொருள் ஒன்றை இயக்குகிறோம். வெப்பநிலை, மின்விசிறி வேகம், மின்னழுத்தம், ஹார்டு டிஸ்க்கின் நிலை எல்லாம் வரிசையாக வருகின்றன. அதில் ஒரு வரி சிவப்பாக 118 டிகிரி என்று காட்டினால், "போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டிக் கணினியை ஓரமாக வைத்துவிடுகிறோம். பத்துக் கணினிகளில் நாற்பது பிள்ளைகள் படிக்கும் ஆய்வகத்தில் ஒன்று ஓரம் போனால் நான்கு பிள்ளைகளுக்கு இடமில்லை. மாறாக, எல்லா வரிகளும் பச்சையாக இருந்தால் கணினி நலமாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஒரு நாள் அது பிள்ளைகளின் செய்முறைக் கோப்புகளோடு படுத்துவிடுகிறது.

இரண்டு இடத்திலும் நாம் சோதிக்காமல் விட்டது ஒன்றுதான்: எண்ணைக் காட்டும் அந்த மென்பொருள்.

எண் எங்கிருந்து வருகிறது?

மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நாளிதழில் அந்த எண்ணைப் படித்ததும் நம் ஊர் விவசாயி விதை நெல்லைக் கோட்டையிலிருந்து எடுத்துவிடுவதில்லை. தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கிளை வாய்க்கால் வழியாகக் கடைமடைக்கு வர வேண்டும். நடுவில் ஒரு மதகு அடைத்திருந்தாலும் வயல் காய்ந்துதான் கிடக்கும்.

கணினித் திரையில் தெரியும் எண்ணும் இப்படிப் பல கை மாறி வருகிறது. முதலில், நுண்செயலிக்குள்ளும் தாய்ப்பலகையிலும் இருக்கும் உணரிகள் அளக்கின்றன. தாய்ப்பலகை உணரிகளின் அளவுகளையும் மின்விசிறி வேகத்தையும் ஒரு சிறு சில்லு திரட்டுகிறது. அந்தச் சில்லை டிரைவர் என்னும் நிரல் படிக்கிறது. கடைசியில் கண்காணிப்பு மென்பொருள் அதற்கு ஒரு பெயர் சூட்டி, டிகிரியாகவோ வோல்ட்டாகவோ மாற்றித் திரையில் எழுதுகிறது. இந்த நான்கு படிகளில் எங்கே தவறு நடந்தாலும் திரையில் வரும் எண் தவறாகிவிடும். கணினியில் ஒரு குறையும் இருக்காது.

ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் திருகு அளவியின் சுழிப்பிழையை நடத்துகிறோம். கம்பியின் தடிமனை அளக்கும் முன் கருவியின் பிழையைப் பார்க்கச் சொல்கிறோம். அதே ஒழுங்குதான் இங்கும்.

முதலில் மூன்று கேள்விகள்

எந்த மென்பொருளாக இருந்தாலும் இந்த மூன்று கேள்விகளுக்குப் பிறகே அதன் எண்ணை நம்பலாம்.

1. அறை வெப்பநிலையைவிடக் குறைவாகக் காட்டுகிறதா? காற்றால் குளிரும் கணினியின் எந்தப் பகுதியும் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்க முடியாது. சித்திரை மாதத்தில் அறையில் 36 டிகிரி இருக்கும்போது நுண்செயலி 22 டிகிரி என்று காட்டினால், அந்த எண் பொய். ஆய்வகச் சுவரில் ஒரு சாதாரண வெப்பநிலைமானி தொங்கினால் போதும், இதைக் கண்டுபிடித்துவிடலாம்.

2. வேலை கொடுத்தால் எண் மாறுகிறதா? ஐந்து நிமிடம் ஒரு காணொளியை ஓட்டியோ பல நிரல்களை ஒன்றாகத் திறந்தோ பாருங்கள். நுண்செயலியின் உண்மையான வெப்பநிலை ஏறும்; நிறுத்தினால் இறங்கும். அசையாமல் நிற்கும் எண் நுண்செயலியுடையது அன்று.

3. பயாஸ் திரை என்ன சொல்கிறது? கணினியை இயக்கியதும் டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி உள்ளே போனால், பெரும்பாலான மேசைக் கணினிகளில் வன்பொருள் நிலையைக் காட்டும் பக்கம் இருக்கும். தாய்ப்பலகை நிறுவனமே தன் பலகையை அறிந்து எழுதியது என்பதால் அது ஒப்பிட ஏற்றது. பயாஸ் திரையில் நுண்செயலி முழு ஓய்வுக்குப் போவதில்லை. எனவே அங்கே சில டிகிரி கூடுதலாகத் தெரிவது இயல்பு. எழுபது டிகிரி வேறுபட்டால் மென்பொருளைச் சந்தேகிக்க வேண்டும்.

எங்கள் ஆய்வகத்தில் பயனற்றவை பட்டியலில் சேர இருந்த ஒரு கணினியை இந்தக் கேள்விகளே காப்பாற்றின. இரவெல்லாம் அணைந்து கிடந்த அந்தக் கணினி, காலையில் இயக்கிய முதல் நிமிடத்திலேயே 118 டிகிரி காட்டியது. மாலை வரை அதே 118. பயாஸ் திரையில் 46. உணரியே இணைக்கப்படாத வெற்று முனையை மென்பொருள் படித்துக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட முனைகள் சில பலகைகளில் 127 என்றும், மைனஸ் 128 என்றும்கூடக் காட்டும். அந்த வரியை மறைத்துவிட்டோம். கணினி இன்றும் வகுப்பில் இருக்கிறது.

அடையாளமும் தீர்வும்

எண்ணே வரவில்லை: விண்டோஸில் மென்பொருளை நிர்வாகி உரிமையோடு இயக்கிப் பாருங்கள். அந்த உரிமை இல்லாமல் டிரைவர் சில்லை எட்ட முடியாது. அப்போதும் வராவிட்டால் பாதுகாப்பு மென்பொருள் தடுத்திருக்கலாம். பல கண்காணிப்பு மென்பொருள்கள் பயன்படுத்திய வின்ரிங்0 என்ற பழைய டிரைவரில் பாதுகாப்புக் குறை இருப்பதால், விண்டோஸ் டிஃபெண்டர் அதைத் தடுக்கிறது. இதற்காகப் பாதுகாப்பை அணைத்து வைக்க வேண்டாம். மென்பொருளின் புதிய பதிப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இல்லையென்றால் பயாஸ் திரையே போதும். உபுண்டு, பாஸ் போன்ற லினக்ஸ் கணினிகளில் எல்.எம்.சென்சார்ஸ் தொகுப்பை நிறுவி, 'சென்சார்ஸ்-டிடெக்ட்' கட்டளையை ஒருமுறை இயக்கினால், எந்தச் சில்லு இருக்கிறது என்று அதுவே தேடிச் சொல்லும்.

எண்கள் தாறுமாறாகக் குதிக்கின்றன: இரண்டு கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். இரண்டும் ஒரே சில்லை மாறி மாறிக் கேட்கும்போது ஒன்றுக்கு வர வேண்டிய விடை மற்றொன்றுக்குப் போகலாம். ஒன்றை மூடிவிட்டு மீண்டும் பாருங்கள்.

வெப்பநிலை எப்போதும் ஒரே அளவு கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கிறது: இன்டெல் நுண்செயலியின் உள் உணரி வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. உச்ச வரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி இருக்கிறது என்றே சொல்கிறது. வரம்பு 85 என்று இருக்கும் நுண்செயலிக்கு மென்பொருள் 100 என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு எண்ணிலும் 15 டிகிரி கூடும். இது அப்படியே திருகு அளவியின் சுழிப்பிழை. எனவே 'வரம்புக்கு எவ்வளவு தூரம்' என்ற எண்ணை மென்பொருள் காட்டினால் அதைப் பார்ப்பதே மேல்.

மின்விசிறி வேகம் சுழி: முதலில் கண்ணால் பாருங்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தால், வேகத்தைச் சொல்லும் மூன்றாவது கம்பி இல்லாத விசிறியாகவோ, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து நேரடியாக இணைத்த விசிறியாகவோ இருக்கலாம். உண்மையிலேயே நின்றிருந்தால் கணினியை உடனே அணைத்துவிடுங்கள்.

12 வோல்ட் வரியில் 8 வோல்ட்: 12 வோல்ட் தடத்தில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது வரையறை. 8 வோல்ட் மட்டுமே வந்திருந்தால் அந்தக் கணினி இயங்கியே இருக்காது. அதில் மென்பொருள் ஓடுவதே அந்த எண் தவறு என்பதற்குச் சான்று. சில்லு பெரிய மின்னழுத்தத்தை மின்தடைகளால் பிரித்துச் சிறிதாக்கி அளக்கிறது. அந்த விகிதம் பலகைக்குப் பலகை மாறும். மென்பொருளுக்கு அது தெரியாதபோது இப்படிக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் தெரிந்தவரைக் கொண்டு மல்டிமீட்டரால் அளக்கலாம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னழுத்தம் நிற்கும்.

கணினியின் தேதி பின்னோக்கிப் போகிறது: மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவது தாய்ப்பலகையில் உள்ள சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பட்டன் பேட்டரி. நீண்ட விடுமுறைக்கும் புயல்கால மின்தடைக்கும் பிறகு இந்தக் குறை அதிகம் தெரியும். தேதி தவறினால் பல இணையத்தளங்கள் திறக்காது. இணையம் வேலை செய்யவில்லை என்று நாம் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம். பேட்டரியை மாற்றினால் தீரும்.

ஹார்டு டிஸ்க் எச்சரிக்கை: இந்த வரியை மட்டும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஸ்மார்ட் பட்டியலில் 5ஆம் எண், பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள்; 197ஆம் எண், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள். இவை வாரத்துக்கு வாரம் ஏறினால் அன்றே கோப்புகளை வேறு இடத்தில் நகலெடுங்கள். 199ஆம் எண் ஏறினால் பெரும்பாலும் குறை கேபிளில் இருக்கும்; கேபிளை மாற்றிப் பார்த்த பிறகே டிஸ்க்கைப் பற்றி முடிவு செய்யுங்கள். முதல் எண்ணான படிப்புப் பிழை வீதம் சீகேட் டிஸ்க்குகளில் கோடிக்கணக்கில் தெரியலாம். அது அந்த நிறுவனம் எண்ணை எழுதும் முறை. அதைப் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

பச்சை எண்ணும் பொய் சொல்லும்

எங்கள் ஆய்வகத்தில் மற்றொரு கணினி, தை மாதக் கடைசியில் பாடவேளையின் பாதியில் தானாக அணையத் தொடங்கியது. மென்பொருளின் முதல் வரியில் 41 டிகிரி. எல்லாம் பச்சை. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "சார், படம் ஓடும்போதும் 41, நிறுத்தினாலும் 41. இது வேற எதோட சூடோ" என்றாள். இரண்டாவது கேள்வியை அவளே கேட்டுவிட்டாள். அந்த வரி தாய்ப்பலகையின் உணரி. பட்டியலில் கீழே இறங்கி நுண்செயலியின் வரியைப் பார்த்தால் 97 டிகிரி வரை ஏறிக்கொண்டிருந்தது.

பெட்டியைத் திறந்தபோது ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் பஞ்சுபோல் அடைத்திருந்தன. பள்ளிச் சுவரை ஒட்டிய வயலில் சம்பா அறுவடை நடந்த வாரங்கள் அவை. கதிர் அறுக்கும் இயந்திரம் ஓடும்போது எழும் தூசி சன்னல் வழியாக வந்து, மின்விசிறி இழுக்கும் காற்றோடு நேராக உள்ளே போகிறது. மென்மையான தூரிகையால் துடைத்து, காய்ந்த தெர்மல் பேஸ்ட்டை நீக்கிப் புதியது தடவிய பிறகு, அதே வேலைக்கு 70 டிகிரியைத் தாண்டவில்லை. கணினி பாதியில் அணைவதும் நின்றது.

டெல்டாப் பள்ளிகளின் பராமரிப்பு நாள்காட்டி இதிலிருந்து தெளிவாகிறது. குறுவை, சம்பா அறுவடைகள் முடிந்ததும் ஒவ்வொரு முறை சுத்தம் செய்யலாம். அறுவடை நாள்களில் வயல்பக்கச் சன்னலைச் சாத்தலாம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கணினிகளை வாரக்கணக்கில் அணைத்தே வைக்காமல் இடையிடையே சிறிது நேரம் ஓட்டலாம்.

திறக்கும் முன் கவனிக்க வேண்டியவை: கணினி உத்தரவாதக் காலத்தில் இருந்தால் திறக்காமல் பராமரிப்பு நிறுவனத்துக்குப் புகார் பதிவு செய்யுங்கள். உத்தரவாதம் முடிந்திருந்தால் தலைமையாசிரியரின் அனுமதியோடு திறக்கலாம். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, இயக்கும் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். ஊதுகருவியால் தூசியை ஊதும்போது மின்விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வகுப்பறையில் ஒரு செயல்பாடு

இதை ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அளவீட்டுப் பாடத்தோடு இணைக்கலாம். மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கணினி கொடுங்கள். அறை வெப்பநிலை, கணினி ஓய்வில் இருக்கும்போது நுண்செயலி வெப்பநிலை, காணொளி ஓடும்போது ஒவ்வொரு நிமிடமும் வெப்பநிலை என்று பத்து நிமிடம் எழுதச் சொல்லுங்கள். அதை வரைபடத்தாளில் குறிக்கட்டும். பிறகு, "எந்த எண்ணை நம்புகிறாய்? ஏன்?" என்று கேளுங்கள். கோடு ஏறாத குழு, தான் படித்த வரி எதனுடையது என்று தேடத் தொடங்கும். தொடக்கப் பள்ளியில் கணினி இல்லாவிட்டாலும் இரண்டு வெப்பநிலைமானிகளை ஒரே குவளை நீரில் வைத்து, இரண்டும் ஒரே எண்ணைக் காட்டுகின்றனவா என்று பார்த்தால் அதே பாடம் கிடைக்கும்.

அந்த வரைபடத்தாள்களைத் தூக்கிப் போட வேண்டாம். கணினி எண், தேதி, அறை வெப்பநிலையோடு ஆய்வகப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள். ஆறு மாதம் கழித்து அதே கணினியில் அதே வேலைக்கு 15 டிகிரி கூடியிருந்தால், அது அணையத் தொடங்கும் முன்பே சுத்தம் செய்துவிடலாம். பழுதுபார்க்க வருபவர் பலகையை மாற்ற வேண்டும் என்று சொன்னாலும், பிள்ளைகள் வரைந்த அந்தத் தாளை அவர் முன் வைத்துக் கேள்வி கேட்கலாம்.