கழிவு நீரும் பி.எச். உணர்கருவியும்

சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே ஓடிக் காவிரியில் கலக்கிறது. மேலே ஏற்காட்டில் காப்பித் தோட்டங்கள். கீழே சேலத்தில் சாயப்பட்டறைகள். காப்பி கழுவிய நீர் புளிக்கும். சாயம் தோய்த்த நீரில் காரம் மிகும். இரண்டையும் அளந்து, திருத்திய பின்னரே வெளியே விடுதல் நம் இரு சாராரின் கடமையாகும். தொழிற்கழிவை ஆறு, ஓடைகளில் விடுவதற்குரிய பொது வரம்பு பி.எச். 5.5 முதல் 9.0 வரை.

இவ்வளவுகோலை 1909-இல் டென்மார்க்கு விஞ்ஞானி சோரன்சன் வகுத்தார். 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் எண் இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்காகும். ஆகவே 4 என்பது 7-ஐக் காட்டிலும் ஆயிரம் மடங்கு புளிப்பு. 1934-இல் பெக்மன் என்பார் இதை அளக்கும் மின்கருவியை அமைத்தது, கலிபோர்னியப் பழ விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பில் பணியாற்றிய வேதியியலார் எலுமிச்சைச் சாற்றை அளக்க வேண்டியே என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

காப்பித் தோட்டத்திற்கு: பழத்தின் தோல் நீக்கிக் கழுவும்போது சர்க்கரையும் பசையும் நீரில் கலந்து புளிக்கின்றன. சுண்ணாம்பிட்டு 7-ஐ ஒட்டிக் கொணர்ந்தால்தான் காற்றில்லாத் தொட்டியின் நுண்ணுயிர்கள் வேலை செய்யும். ஆனால் பசையும் சுண்ணாம்பும் கருவியின் கண்ணாடி முனையில் படிந்து பொய்யளவு காட்டும். எனவே தட்டையான முனையும், எளிதில் அடைபடாத அகன்ற இணைவாயும் உள்ளதே ஏற்றது. சுண்ணாம்புப் படிவை நீர்த்த அமிலத்தால் கழுவுக.

சாயப்பட்டறைக்கு: காரம் 12-ஐத் தாண்டும்போது சாதாரணக் கண்ணாடி, சோடியத்தால் ஏமாந்து, உண்மையினும் குறைவாகக் காட்டும். மிகு காரத்திற்கென்றே செய்த கண்ணாடியைக் கேட்டு வாங்குக. கந்தகச் சாயம் பயன்படுவோர் இரட்டை இணைவாய் உள்ளதைத் தேர்க. இல்லையேல் சல்பைடு உட்புகுந்து வெள்ளி மின்வாயைக் கெடுக்கும். சூடான தொட்டியில் வைப்பதாயின் அவ்வெப்பத்தைத் தாங்குமா என்பதையும், வெப்பத் திருத்தம் உண்டா என்பதையும் பார்த்துக்கொள்க.

இருவருக்கும்: நாளொன்றுக்குச் சில முறை மட்டும் பார்ப்பதாயின் கைக்கருவி போதும், ஓயாது ஓடும் நீருக்கே நிலையான கருவி தேவை. சோதனைத்தாள் மலிவானது, ஆயின் சாய நீரில் அதன் நிறம் மறைந்துவிடும். அளவு தெரிந்த 4, 7 கரைசல்களிலும், சாயக்காரர் 10-லும் கருவியை அவ்வப்போது சரிபார்த்தல் வேண்டும். முனையை உலரவிடலாகாது, காய்ச்சி வடித்த நீரிலும் ஊற வைக்கலாகாது, பொட்டாசியம் குளோரைடு கரைசலே தக்கது.

முனை தேய்ந்துபோகும் பொருள். மாற்று முனையின் விலை, சரிபார்க்கும் கரைசல், கழுவும் ஆள் ஆகிய மூன்றையும் கணக்கிட்ட பின்னரே சங்கம் விலைப்புள்ளி கோருக. மலிவென்று வாங்கிய கருவி பொய் சொல்லுமாயின், சுண்ணாம்பும் வீண், ஓடையும் பாழ்.

அங்கத்தினர் சிந்திக்க:

1. பி.எச். 5 உள்ள நீர் 7-ஐ விட எத்தனை மடங்கு புளிப்பு?
2. தொட்டியில் சுண்ணாம்பு இட்டும் கருவியின் எண் அசையவில்லையெனில், மேலும் சுண்ணாம்பு இடுமுன் எதைச் சோதிக்க வேண்டும்?